பெற்றோல் மூடிக்குள் ஒரு தூண்டில்

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளி நிறக் கார். எஞ்சின் சத்தம் இல்லை. எதிர்ப்பக்கக் கராஜிலிருந்து வீதியைக் குறுக்கறுத்து இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் நின்று தள்ளியவர் கராஜ் மெக்கானிக்; பாஸ் என்று அழைப்போம். சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளியவர் ஜெஸீம். முந்தலில் இறால் பண்ணை வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் கைப்பையும் சோற்றுப் பார்சலுமாக அவருடைய ராத்தா, மூத்த சகோதரி, நளீமா டீச்சர் நடந்து வந்தார். கார் டீச்சருடையது.

எங்கள் பெற்றோல் ஷெட் கற்பிட்டி வீதியில் இருக்கிறது. அந்த நேரத்தில் பெற்றோல் பம்ப் பக்கம் ஆள் குறைவு. லாம்பெண்ணெய்ப் பம்பில்தான், அதாவது மண்ணெண்ணெய்ப் பம்பில்தான், கூட்டம். வள்ளங்களின் எஞ்சின்கள் லாம்பெண்ணெயில் ஓடுபவை. அன்று எண்ணெய்க் கான்களோடு பதினொரு பேர் நின்றார்கள். அவர்களுக்கு அடித்துக்கொண்டிருந்தவர் இஸ்மாயில்.

ஜெஸீம் காரை 95 ரகப் பெற்றோல் பம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். ஆனால் பதினொரு பேருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இஸ்மாயில் நானா, நீங்க எங்கட ராத்தாட காருக்கு லாம்பெண்ணெய் கலந்துதான் அடிச்சிருக்கீங்க. எஞ்சின் நொக் பண்ணுது. பாஸ் ஸ்டார்ட் பண்ணவே வேணாம் எண்டுட்டாரு."

இஸ்மாயில் கானை நிரப்பி முடித்து, மூடியைத் திருகி, சொந்தக்காரரிடம் கொடுத்தார். பிறகு நிமிர்ந்தார். "நானா? நான் கலந்தனா?" என்றார்.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்லுமுன், யார் யார் என்று சொல்ல வேண்டும்.

இதை எழுதச் சொன்னவர் பர்ஸான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் உட்கார்ந்திருப்பவர். போன கிழமை வீட்டுக்கு வந்தார். ஷெட்டின் மூலையில் மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்றைப் பொருத்துகிறார்களாம். "அது வரட்டும் நானா. ஆனா இப்ப வாறதெல்லாம் டேர்போ. ஆளாளுக்கு 92ஆ 95ஆ எண்டு கேக்கிறாங்க. நீங்க எல்லாம் எப்படிச் சொன்னீங்க? ரெண்டு பக்கத்துல எழுதித் தாங்க" என்றார். இரண்டு பக்கத்தில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் அந்த வெள்ளி நிறக் கார்.

நான் மன்னார். அங்கே ஒரு பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லோரோடும் வெளியேறி வந்து, முகாமில் இருந்தேன். பிறகு ஒரு ஓலைக் கொட்டிலில். பிறகு இந்த ஷெட்டில். முதல் வருடம் பம்ப் அடித்தேன். இரண்டாம் வருடம் ஒஃபிஸுக்குள் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் அங்கே மேற்பார்வையாளர். ஊரில் என் பெயர் மன்னார் நானா; நானா என்றால் அண்ணன். பத்திரிகை போய்விட்டது, குறிப்பெடுக்கும் பழக்கம் போகவில்லை. மேசை லாச்சிக்குள் கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்று வைத்திருந்தேன். ஷெட்டுக்கு முதல் தடவை வரும் ஒவ்வொரு காரையும் அதில் எழுதுவேன்: இலக்கம், நிறம், என்ன அடித்தது, கண்ணில் பட்ட விசேஷம். யாரும் கேட்டு எழுதியதில்லை. எழுதாவிட்டால் கை சும்மா இருக்காது.

ஷெட்டின் உரிமையாளரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் அழைப்போம். பாரமான உடம்பு, சின்னக் குரல். சுபஹ் தொழுதுவிட்டு நேராக ஷெட்டுக்கு வருவார். வந்தால் யாருக்கும் முன்னால் டாங்கிகளுக்குத்தான் சலாம் சொல்வார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நிலத்துக்கடியில் இருக்கும் டாங்கியின் மூடியைத் தானே திறப்பார். அளவுகோலின் அடி நுனியில் களிம்பு ஒன்றைப் பூசி இறக்குவார். அடியில் தண்ணீர் இருந்தால் களிம்பு நிறம் மாறிவிடும். கோலை வெளியே எடுத்ததும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார். கண்ணாடி போட்டபடி ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை. பிறகு கண்ணாடிச் சாடியில் கொஞ்சம் பெற்றோல் எடுத்து, அதில் அடர்த்தி பார்க்கும் குழாயை மிதக்க விடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைச் சத்தமாக வாசிப்பார். நான் எழுதுவேன். பெற்றோல் பவுசர் லொறி வந்து இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு போத்தல் நிறைய எடுத்து, வாயை மெழுகால் அடைத்து, அலுமாரியில் வைப்பார். அடுத்த பவுசர் வரும்வரை அந்தப் போத்தல் அங்கேயே இருக்கும். வாடிக்கையாளர் எவராவது முறைப்பாடு சொன்னால் அதை எடுப்பதற்கு.

ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை, ஏன் இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். "மன்னார் நானா, தொழுகைக்கு முந்திக் கைகால் கழுவி வுழு செய்றது ஆரும் பாக்கிறாங்க எண்டா?" என்றார்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எண்ணெயில் கை வைத்தவன் அன்றைக்கே வீட்டுக்கு. கதை கிடையாது. அவருடைய சொந்த மருமகன், தங்கையின் மகன், ஒருமுறை பெற்றோலில் லாம்பெண்ணெய் கலந்து பிடிபட்டான். அன்று பகல் சாப்பாட்டுக்கு முன் அவனை அனுப்பிவிட்டார். தங்கை இரண்டு நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுப் படி ஏறவில்லை. ஹாஜியார் இரண்டு பெருநாளுக்கும் தானே வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். மருமகனைத் திருப்பி எடுக்கவில்லை.

இனி 92, 95 என்ற எண்கள். நம் ஆள்கள் 95 என்றால் பலம் கூடிய பெற்றோல் என்று நினைக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குக்கூட, பெருநாளைக்கு ஒருநாள், பிள்ளைக்குச் சத்துமா கொடுப்பதுபோல் 95 அடித்துக்கொண்டு போவார்கள். ஹாஜியார் சொல்லும் விளக்கம் வேறு. "அந்த நம்பர் பலமில்ல, பொறுமை. எஞ்சினுக்குள்ள பெற்றோல அமத்துறாங்க. அமத்தினா சூடாகும். நெருப்புப் பொறி வரும்வரைக்கும் 95 பொறுத்துக்கொண்டு இரிக்கும். 92 கொஞ்சம் அவசரக்காரன். பொறி வர முந்தியே பத்திக்கிரும். அதான் நொக்." டேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைக் கூடுதலாகத் திணிக்கும் சிறு விசிறி. காற்றைத் திணித்தால் அமுக்கமும் சூடும் கூடும். அதனால் பல டேர்போ கார்களுக்குப் பொறுமை கூடிய பெற்றோல் வேண்டும்.

பல என்றேன், எல்லாம் என்று சொல்லவில்லை. பழகியவர்களும் தவறுவது இங்கேதான். ஜப்பானிலிருந்து வரும் சின்ன டேர்போ கார்கள் சிலவற்றைச் சாதாரணப் பெற்றோலுக்கென்றே செய்திருப்பார்கள். அவற்றுக்கு 92 போதும். 95 அடித்தால் கெடுதி இல்லை, பிரயோசனமும் இல்லை. ஐரோப்பாக் கார்கள் அநேகமாக 95 கேட்கும். எந்தக் காருக்கு எது என்பதைச் செய்தவனே எழுதி, பெற்றோல் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருப்பான். ஐரோப்பாக் காரில் எண் இருக்கும். ஜப்பான் காரில் ஜப்பான் எழுத்து இருக்கும். எங்களுக்கு வருபவை முக்கால்வாசி ஜப்பானில் ஓடி இங்கே வந்த கார்கள். கையேடும் ஜப்பான் எழுத்தில். வாசிக்க ஆளில்லை.

வழி காட்டியவர் முந்தலில் இருக்கும் சுனில். ஜப்பானில் பல வருடம் வேலை செய்து திரும்பியவர். ஒருநாள் பெற்றோல் அடிக்க வந்தபோது ஹாஜியார் அவரைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு சொற்களை ஒரு மட்டையில் பெரிதாக எழுதி வாங்கினார். ஒன்று சாதாரணப் பெற்றோல். மற்றது உயர்தரம். மட்டையைப் பம்புக்கு மேலே தொங்கவிட்டோம். நாலு நாள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒருவருக்கும் மனதில் நிற்கவில்லை.

நிற்க வைத்தவர் இஸ்மாயில். கந்தக்குழிக்காரர், கடலுக்குப் போன குடும்பம். முதுகு நோவால் கடலை விட்டு ஷெட்டுக்கு வந்தவர். அப்போது வயது நாற்பதுக்கு மேல். அவர் மட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல என்ன கஷ்டம்? சாதாரணம் தொடங்குறது தூண்டில்ல. மத்தது தொடங்குறது கூரைல." பார்த்தால் அப்படியேதான். முதல் சொல்லின் முதல் எழுத்து, நேரே கீழே இறங்கி வலப்பக்கம் மேலே வளையும் ஒற்றைக் கோடு, தூண்டில் முள். இரண்டாவதன் முதல் எழுத்து, உச்சியில் தொடாமல் சாய்ந்து நிற்கும் இரண்டு கோடுகள். ஓடு போடாத கூரை. முன்னும் பின்னும் வேறு எழுத்துகள் இருக்கலாம், நடுவில் தேடிக்கொள்ள வேண்டும். அன்று முதல் எங்கள் ஷெட்டில் தூண்டில் என்றால் 92, கூரை என்றால் 95. சுனில் அடுத்த முறை வந்தபோது இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் காரின் மூடியைத் தானே திறந்து, "இஸ்மாயில், மேக்க தூண்டில்த?" என்று, இது தூண்டிலா என்று, சிங்களத்தில் கேட்டார்.

அந்த இஸ்மாயிலைத்தான் அன்று காலை கலப்படக்காரன் என்றார் ஜெஸீம்.

அடுத்த மாதம் இஸ்மாயிலின் மூத்த மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு தில்லையடியில், நளீமா டீச்சரின் வீடு இருக்கும் அதே ஒழுங்கையில். கலப்படம் செய்தவன் என்று ஹாஜியார் ஒருவரை அனுப்பினால் அந்த ஒழுங்கைக்குப் பகலுக்கு முன் தெரிந்துவிடும். கான்களோடு நின்ற பதினொரு பேருக்கும் இது தெரியும். இஸ்மாயிலுக்கும் தெரியும்.

ஹாஜியார் டாங்கிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். களிம்பு இன்னும் விரலில் இருந்தது. ஜெஸீமுக்குச் சலாம் சொன்னார். டீச்சருக்குக் கதிரை எடுத்து வரச் சொன்னார். பிறகு, "சொல்லுங்க தம்பி" என்றார்.

ஜெஸீம் சொன்னதன் சுருக்கம் இது. முந்தின நாள் பின்னேரம் ராத்தாவின் காரை இரவல் வாங்கி, நாலு பேரையும் ஐஸ் போட்ட இரண்டு இறால் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார். ஏசியும் போட்டிருந்தது. பாலாவி தாண்டி ஒரு லொறியை முந்த மிதித்தபோது எஞ்சினுக்குள் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். விளக்கு ஒன்றும் எரிந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு பாஸிடம் வந்து சேர்ந்தார். பெற்றோலில் ஏதோ இருக்கிறது என்று பாஸ் சொன்னார்.

"ஏதோ எண்டுதான் சொன்ன நான்," என்றார் பாஸ் அவசரமாக. "லாம்பெண்ணெய் எண்டு நான் சொல்லல்ல."

"வேற என்ன இரிக்கும்? பகலெல்லாம் லாம்பெண்ணெய் அடிக்கிற கைதானே."

ஹாஜியார் அலுமாரிச் சாவியை என்னிடம் தந்தார். அடைத்த போத்தலைக் கொண்டு வந்தேன். காரின் டாங்கியிலிருந்து பாஸ் இன்னொரு போத்தலில் கொஞ்சம் இறக்கினார். மூன்றாவது போத்தலில் ஹாஜியார் தானே கொஞ்சம் லாம்பெண்ணெய் எடுத்தார். ஒஃபிஸ் மேசையை வெளியே போட்டு, மூன்றையும் வரிசையாக வைத்தார். வடிதாள் ஒன்றை விரித்து, மூன்று இடத்தில் மூன்று துளி விட்டார். "இப்ப ரெண்டு நிமிசம் ஆரும் கதைக்காதீங்க" என்றார். கான்காரர்கள் வரிசையை விட்டு மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

பெற்றோல் துளி காற்றில் போய்விடும். கலப்பில்லாவிட்டால் தாளில் அடையாளம் மிஞ்சாது. லாம்பெண்ணெய் எண்ணெய்க் கறையாக நிற்கும். இரண்டு நிமிடத்தில் லாம்பெண்ணெய்த் துளி மட்டும் ஐந்து சத நாணயக் குற்றியளவு கறையாக நின்றது. மற்ற இரண்டு இடமும் வெறும் தாள். ஹாஜியார் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து ஜெஸீமிடம் கொடுத்தார். பிறகு அடர்த்திக் குழாயைக் காரின் பெற்றோலில் மிதக்க விட்டு, கோட்டை ஜெஸீமையே வாசிக்கச் சொன்னார். பெற்றோலுக்குரிய அளவுதான் காட்டியது.

"கலப்பில்ல," என்றார் ஜெஸீம். குரல் இறங்கியிருந்தது. ஆனால் விடவில்லை. "அப்ப 92 அடிச்சிருக்காரு. மூணு வருஷமா இந்தக் கார் 95ல ஓடின கார். ராத்தாட்ட 95க்குச் சல்லி எடுத்திட்டு 92 அடிச்சா அதுவும் களவுதானே."

"இல்ல ஜெஸீம்," என்றார் டீச்சர் கதிரையிலிருந்து. "92க்குத்தான் நான் சல்லி குடுத்த. ஒண்டரை மாசமா 92தான். இஸ்மாயில் நானாதான் சொன்ன, இதுக்கு அது போதும், சும்மா செலவழிக்க வேணாம் எண்டு."

எல்லோரும் இஸ்மாயிலைப் பார்த்தார்கள். "ஓம், நான்தான் சொன்ன," என்றார் அவர். "மூடியப் பாத்துத்தான் சொன்ன. தூண்டில்."

ஹாஜியார் மூடியைத் திறந்தார். தூண்டில் இருந்தது. தலைக்கு மேலே தொங்கிய மட்டையையும் பார்த்தார். அதே தூண்டில்தான்.

அந்த இடத்தில் ஷெட்டுக்கு வழக்கு முடிந்திருக்கலாம். செய்தவன் எழுதியதைப் பார்த்து அடித்தோம், எங்கள் மேல் பிழையில்லை என்று சொல்லியிருக்கலாம். ஹாஜியாரும் அதைச் சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த ஒன்று வேறு யாருக்கும் தெரியாது, இஸ்மாயிலைத் தவிர. ஒன்றரை மாதத்துக்கு முன், அந்த மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இஸ்மாயில் ஒஃபிஸ் கண்ணாடிக்கு நேரே திரும்பி, "மன்னார் நானா, இது மூணு வருஷமா 95 அடிக்கிற கார். மூடில தூண்டில் இரிக்கி. மாத்தவா?" என்று கேட்டார். நான் தொலைபேசியில் இருந்தேன். கதிரையை விட்டு எழும்பாமல் தலையாட்டினேன். மூடி சொன்னால் சரி என்பது எங்கள் வழக்கம். அவ்வளவுதான் நான் யோசித்தது. லாச்சிக்குள் இருந்த கொப்பியைத் திறக்கக் கை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

இஸ்மாயில் இப்போது அதைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. தரையில் கிடந்த பம்ப் குழாயை எடுத்து ஒழுங்காகக் கொக்கியில் மாட்டினார்.

நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். மூன்று வருடத்துக்கு முந்தின பக்கத்தில், அந்தக் கார் முதல் தடவை வந்த நாளில், என் கையெழுத்தில் இருந்தது: வெள்ளி நிறம். டேர்போ. டீச்சர். கூரை.

வாசித்துக் காட்டினேன். ஹாஜியார் கண்ணாடி போட்டபடி ஒருமுறை, கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார்.

"கூரை எப்படித் தூண்டிலாகும்?" என்றார்.

நான் மூடிக்குக் கிட்டக் குனிந்தேன். வெளிப்பக்கம் வெள்ளி நிறம். உள்பக்கமும் வெள்ளி நிறம். கீல் மடியும் இடத்தில், நகமளவு, பெயின்ட் உரிந்திருந்தது. அதற்குள்ளே சிவப்பு.

"டீச்சர், இந்த மூடிக்கு என்ன நடந்த?" என்று கேட்டார் ஹாஜியார்.

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "கழுதை உதைச்ச," என்றார்.

கான்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

"சிரிக்காதீங்க. பள்ளிக்கூட வாசல்ல நிப்பாட்டியிருந்த. ரெண்டு கழுதை சண்ட புடிச்சி, ஒண்டு திரும்பி மூடிக்கே உதைச்ச. வளைஞ்சி போச்சி. டிங்கர் வேலைக்காரர் பழைய சாமான் கடைல இதே மாதிரிக் கார்ர மூடி ஒண்டு எடுத்துப் போட்டுத் தந்தாரு. நிறம் நல்லாப் புடிச்சிருந்த."

அதே மாதிரிக் கார்தான். பாஸ் விளங்கப்படுத்தினார். அந்தக் காரை இரண்டு எஞ்சினோடு செய்கிறார்கள். ஒன்றில் டேர்போ உண்டு, மற்றதில் இல்லை. உடம்பு ஒன்றே. மூடி ஒன்றுக்கொன்று அளவாகப் பொருந்தும். டேர்போ இல்லாத ஒரு சிவப்புக் காரின் தூண்டிலை டீச்சரின் கார் ஒன்றரை மாதமாகச் சுமந்திருக்கிறது. ஒன்றரை மாதமும் ஏன் சத்தம் போடவில்லை என்பதற்கும் பாஸிடம் காரணம் இருந்தது. டீச்சர் தனியே, மெதுவாக ஓட்டுபவர். சுமை ஏற்றி மிதித்த பிறகுதான் எஞ்சினுக்குப் பொறுமை போதாமல் போனது.

"அப்ப இஸ்மாயில் களவெடுக்கல்ல," என்றார் ஹாஜியார். "ஆனா பிழை எங்கட. பழைய வழக்கத்த மாத்துறதுக்கு முந்தி எங்கட ஆள் ஒருக்காக் கேட்டிருக்கணும்."

"கேட்டாரு," என்றேன். "என்னட்டக் கேட்டாரு. நான்தான் தலையாட்டின. கொப்பி என்ட லாச்சிக்குள்ளதான் இருந்த."

ஹாஜியார் இஸ்மாயில் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா இத முந்தியே சொல்லல்ல?"

"அவருக்குத் தெரியும்தானே," என்றார் இஸ்மாயில்.

எனக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை. நினைவிருப்பது ஹாஜியார் சொன்னது. "எண்ணெயில கை வச்சாத்தான் வீட்டுக்கு. தலைய ஆட்டினதுக்கெல்லாம் அனுப்பினா நாளைக்கு டாங்கிக்குள்ள கோல் எறக்கிற நேரம் ஆரு எழுதுவான்? இந்தக் கழுதையா?"

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றை அப்படியே எழுதுகிறேன். பாஸைக் கொண்டு டாங்கியில் இருந்த 92 முழுவதையும் இறக்கி, அதைத் தன் பழைய வேனுக்கு ஊற்றினார். காருக்குத் தன் கையாலேயே 95 அடித்தார். ஜெஸீமைச் சாரதி ஆசனத்தில் ஏறச் சொன்னார். நேற்று எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து. டீச்சரை முன்னால் ஏற்றி, பின்னால் தானும் இஸ்மாயிலும் நானுமாக ஏறினார். இறால் பெட்டி இல்லாததால் பக்கத்துக் கடையில் இரண்டு மூட்டை உப்பு இரவல் வாங்கிப் பின்னால் வைத்தார். ஏசியைப் போடச் சொன்னார். டீச்சர் அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டார்.

நுரைச்சோலைப் பக்கம் போனோம். ஹாஜியாரின் பாரத்தில் நானும் இஸ்மாயிலும் ஆளுக்கொரு கதவோடு ஒட்டியிருந்தோம். முதல் இரண்டு மைல் ஜெஸீம் எஞ்சினுக்குப் பயந்து ஓட்டினார்.

"அழுத்துங்க தம்பி. டீச்சர் மாதிரி ஓட்டாதீங்க."

"நான் ஓட்டினா என்ன ஹாஜியார்?"

"ஒங்கட ஓட்டத்துக்கு லாம்பெண்ணெய் ஊத்தினாலும் கார் ஒண்டும் சொல்லாது டீச்சர்."

முன்னால் வெங்காயம் ஏற்றிய லொறி ஒன்று போனது. ஜெஸீம் ஹாஜியாரைக் கண்ணாடியில் பார்த்தார். ஹாஜியார் தலையசைத்தார். ஜெஸீம் மிதித்தார். ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தோம். டேர்போவின் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. உப்பு மூட்டை சரிந்த சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. லொறி பின்னால் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் இன்னும் இரண்டு தடவை முந்திப் பார்த்தார். சத்தமில்லை.

ஷெட்டுக்கு வரச் சற்று முன், ஜெஸீம் கண்ணாடியைப் பார்க்காமல் கேட்டார். "இஸ்மாயில் நானா, காலைல டீ குடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல தம்பி. நீங்க விடல்லயே."

ஹாஜியார் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ராத்திரி இத ஆருட்டயும் சொன்னீங்களா தம்பி?" என்று கேட்டார். இஷா தொழுகைக்குப் பிறகு தில்லையடிப் பள்ளிவாசல் முற்றத்தில் நாலைந்து பேரிடம் சொன்னதாக ஜெஸீம் ஒப்புக்கொண்டார். அதில் ஒருவர் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, தகப்பனின் அண்ணன்.

"அப்ப அதே முற்றத்துல, அதே ஆக்களுட்ட, அதே சத்தத்துல திருப்பிச் சொல்லிருங்க," என்றார் ஹாஜியார். "மெதுவாச் சொன்னாக் கணக்கில்ல."

ஜெஸீம் அன்று அஸர் தொழுகைக்குத் தில்லையடிக்குப் போனார். டீச்சர் எனக்குச் சொன்னபடி, மன்னிப்புக் கேட்கப் போனவர் தூண்டில், கூரை, கழுதை என்று தொடங்கி அரைமணி நேரம் விளங்கப்படுத்தினாராம். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா மறுநாளே தன் காரோடு ஷெட்டுக்கு வந்து, மூடியைத் திறந்து, இஸ்மாயிலைக் கூப்பிட்டார். இஸ்மாயில் முதலில் கீலைத்தான் பார்த்தார்.

பர்ஸானுக்கு நான் எழுதித் தர வேண்டியது இவ்வளவுதான். டேர்போ என்று கேட்டவுடன் 95 என்று சொல்லாதீர்கள். 92 போதும் என்றும் சொல்லாதீர்கள். மூடியைப் பாருங்கள். மூடி அந்தக் காரோடு பிறந்ததா என்று பாருங்கள். கையேடு இருந்தால் அதையும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இதுவரை அடித்தது வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் 95 அடியுங்கள். அதனால் எஞ்சினுக்கு ஒன்றும் வராது. பம்பில் நிற்பவர் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒன்று கேட்டால், தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பிப் போங்கள்.

ஓய்வு பெற்ற அன்று கறுப்பு மட்டைக் கொப்பியை லாச்சியில் வைக்கவில்லை. பம்புக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

நிக்காஹ் அன்று தில்லையடியிலிருந்து கந்தக்குழிக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தது அந்த வெள்ளி நிறக் கார். ஓட்டியவர் ஜெஸீம். டீச்சர் இன்றும் அந்த மூடியை மாற்றவில்லை. உள்பக்கத்தில் தூண்டிலுக்குக் கீழே நீலப் பெயின்டால் 95 என்று எழுதியிருக்கிறது. எழுத்து இஸ்மாயிலுடையது.